பாங்கு நேரம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றவை. இரண்டு, தாயை இழந்த என் தம்பி பிள்ளைகள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு வரி எழுத வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் ஆகும். ஆகட்டும், இங்கே யாருக்கு அவசரம்?

என் மருமகள் டீச்சர். தென்னூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறாள். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. உலக மதங்கள் என்று ஒரு பாடம். புத்தகத்தில் மதத்துக்கு ஒரு பக்கம், ஒரு படம், கடைசியில் கோடிட்ட இடத்தை நிரப்புக. அவளுக்கு அது போதவில்லை. சாயங்காலம் நான் கீரை ஆயும்போது எதிரில் உட்கார்ந்து போனில் தேடுவாள்.

"அத்தை, இதைப் பாருங்க. உங்களுக்குப் புரிஞ்சா என் புள்ளைங்களுக்கும் புரிஞ்சிடும்."

பார்த்தேன். மெக்காவில் ஜனங்கள் சுற்றி வருவதை, அவர்கள் சுற்றுகிற அதே நேரத்தில் பார்த்தேன். கல் சுவரில் நெற்றியை வைத்து நிற்கிற யூதர்களைப் பார்த்தேன். அமிர்தசரஸில் சீக்கியர் கோயிலில் ஊருக்கே ரொட்டி சுடுகிற கூடத்தைக் காட்டினாள். நான் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சமைத்தவள். "அடுப்பு என்னம்மா அகலம் இருக்கும்?" என்று கேட்டேன். அதையும் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

பேப்பரையும் விட மாட்டாள். ரோமில் புதுப் போப் வந்ததற்கு அடையாளமாகப் புகைக்கூண்டில் வெள்ளைப் புகை விட்ட படத்தைக் கத்தரித்து வைத்திருந்தாள், எடுத்துக் காட்டினாள். "ஈர விறகு போலிருக்கு" என்றேன். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி, பிள்ளைகள் சிரித்து முடித்ததும் பாடத்தை ஆரம்பித்தாளாம்.

அப்புறம்தான் வம்பு வந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் போட்டாள்: 'பாங்கு நேரம் கேட்டு எழுதி வரவும்.' பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பதை எங்கள் பக்கம் பாங்கு என்போம். ஜன்னலைத் திறந்தால் ஐந்து வேளையும் கேட்கும். பிள்ளைகள் காதால் கேட்ட நேரத்தையும் போன் காட்டுகிற நேரத்தையும் ஒப்பிட்டு, பாங்கு நேரம் நாளுக்கு நாள் சூரியனோடு நகர்வதைக் காட்டலாம் என்று அவளுக்கு யோசனை.

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணும் அந்த வகுப்புதான். மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகாத குடும்பம். அவள் நோட்டில் இருந்தது இது: 'காலை பத்து முதல் மாலை நான்கு வரை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை.' அவள் அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. அவருக்குப் பணத்தைப் போட்டு எடுக்கிற பாங்கில் உத்தியோகம். அந்தப் பெண் எழுந்து வாசித்ததும் வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்திருக்கிறது. பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே அவள் அப்பா குரூப்பில் எழுதினார்: 'ஸ்கூல்ல பாடம் நடக்குதா, தொழுகை நடக்குதா?' சனிக்கிழமைக் கதையை எழுதவில்லை. இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிரின்சிபல் அம்மா ஒரு கடிதத்தை டைப் அடித்து என் மருமகளிடம் கொடுத்தார். புத்தகத்துக்கு வெளியே போனது தவறு, மன்னிக்கவும், இனி வகுப்புக்குப் போனும் பேப்பரும் கொண்டு வர மாட்டேன் என்று இருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த வருடம் வேலை நிச்சயமில்லை.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வேலையைப் பாரு" என்றான் என் மகன்.

"உன் கையெழுத்தை யாருடா கேட்டா? பேசாம சாப்பிடு" என்றேன்.

திங்கட்கிழமை அவளோடு நானும் போனேன். பிரின்சிபல் அம்மா அறையில் எதிர் வீட்டுக்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க? இது ஸ்கூல் விஷயம்" என்று எழுந்தார்.

"ஸ்கூல்ல முப்பது வருஷம் சோறு போட்டவ நான். எனக்குத் தெரியாத விஷயமா? உக்காருங்க தம்பி."

"எங்க வீட்டுப் புள்ள எதுக்குப் பாங்கு நேரம் எழுதணும்?"

"எழுதலைன்னா காதுல விழாமப் போயிடுமா? விடிகாலைப் பாங்கு கேட்டுத்தான் அம்பது வருஷமா எந்திரிக்கிறேன். என் திருநீறு அழிஞ்சா போச்சு? ஆத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ப் பாருங்க. தன் மேல ஆசை வச்ச முஸ்லிம் ராஜகுமாரி, துலுக்க நாச்சியாருக்காகப் பெருமாளே கைலி கட்டிக்கிறாரு, ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிடுறாரு. முதல்ல அவருகிட்ட மன்னிப்புக் கடுதாசி எழுதி வாங்கிட்டு வாங்க. அடுத்த கையெழுத்து என் மருமக போடுவா."

பிரின்சிபல் அம்மா ஏதோ தேடுவது போல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். எதிர் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"உங்க கோவம் பாங்கு மேல இல்ல தம்பி. புள்ளையைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்களே, அது மேல" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருமகள் எழுந்தாள். "அந்தச் சிரிப்பை நான் அடக்கியிருக்கணும் சார். அடக்குறதுக்குள்ள அவ அழுதுட்டா. அதுக்கு அவகிட்ட சாரி சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்றேன். பாடத்துக்குச் சொல்ல மாட்டேன்."

பிள்ளையிடம் சாரி சொன்னதை வீட்டில் எங்களிடம் அவள் சொல்லவே இல்லை.

"மேல போய்ப் பேசிக்கிறேன்" என்று அவர் எழுந்து போனார். "கையெழுத்து இல்லாம நான் எதுவும் உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார் பிரின்சிபல் அம்மா. சொல்லாவிட்டால் போகிறது. மருமகள் கடிதத்தை அப்படியே மேஜையில் வைத்தாள். நான் அதை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவளுக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. இந்த வருடப் பாடம் இன்னும் முடியவில்லை. இன்றைக்கும் போனும் பேப்பருமாகத்தான் போயிருக்கிறாள்.

நான் எழுத ஆரம்பித்தது அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில். இடம் போதாமல் பேத்தியின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டேன்.

"ஏய், இங்க வாடி. இதைப் படி, பாட்டி கேக்குறேன். உள்ள உக்காந்து முணுமுணுக்காத. வாசலுக்குப் போய் நின்னு, எதிர் வீட்டுக்கும் கேக்குற மாதிரி படி."