ஐந்தாவது இடத்துச் சிலுவை

என் மகன் கப்பலில் பொறியாளராக இருந்தான். விடுப்பில் வந்திருந்தபோது வீட்டிலேயே மாரடைப்பில் இறந்தான். முப்பதாம் நாள் பூசைக்கு ஐந்து நாள் இருக்கையில், புன்னைக்காயலிலிருந்து வந்த அவனுடைய மாமியார் ஒன்று கேட்டார். ஹாம்பர்க்கில் அவன் வாங்கி வந்த, முதல் உலகப் போர் வீரன் ஒருவனின் ஐந்து பதக்கங்களை நாடாக்களோடு ஒரே தகட்டில் தைத்த ஜெர்மானியப் பதக்க வரிசையில் கடைசியாகத் தொங்கும் சிலுவையை வெட்டியெடுத்து, பூசையன்று மாதாவுக்குச் சாத்த வேண்டும். இறந்தவர் வைத்திருந்த சிலுவையை அப்படிக் காணிக்கையாக்குவது அவர்கள் குடும்பத்து வழக்கம். மருமகள் முடிவை என்னிடம் விட்டாள்.

இது குறுக்கு வாள்கள் பொறித்த போர்ச் சிலுவை, செபமாலைச் சிலுவையன்று என்று மாமியாரிடம் விளக்கினேன்.

"வாளு வச்சிருந்தா என்ன அண்ணாச்சி, சிலுவ சிலுவதான. பெறவு ஒட்டுப் போட்டதுன்னு நீங்கதான சொன்னிய?" என்றார் அவர்.

சொன்னது உண்மை. முப்பதாண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். மகன் அந்த வரிசையை மேசைமேல் வைத்த அன்று, அந்தச் சிலுவையின் நடுவே சிங்கத்தைச் சுற்றியிருந்த எழுத்துகளைக் கண்டதுமே ரஷ்ய எழுத்து என்று முடிவு செய்தேன். முதல் உலகப் போரில் எதிரி நாட்டின் சிலுவையை எந்த ஜெர்மானியன் மார்பில் அணிவான்? விற்பனைக்காக எவனோ சேர்த்துத் தைத்திருக்கிறான் என்றேன். "பல்கேரியாவா இருக்கும்பா" என்றான் மகன். நான் நாளிதழை விரித்துக்கொண்டேன். அவன் வரிசையை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

ஒட்டாக இருந்தால் வெட்டலாம். இல்லையென்றால், யாரோ ஒருவர் அணிந்ததை நான் சிதைப்பதாகும். எனவே முதன்முறையாக அதைச் சரியாகப் பார்த்தேன்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து அகராதியில் தேடினேன். 'வீரத்திற்காக' என்று பொருள். அருங்காட்சியகங்களின் இணையப் படங்களில் அதே சிங்கமும், குறுக்கு வாள்களும், வெளிர்நீல நாடாவும் இருந்தன; அது பல்கேரியா வழங்கிய விருது. அந்நாட்டுக்கும் ரஷ்யாவின் அதே எழுத்துமுறைதான். அந்தப் போரில் அது ஜெர்மனியின் நேச நாடு. அயல்நாட்டு விருதை வரிசையின் கடைசியில் வைப்பது ஜெர்மானியர் முறை. இங்கும் அது கடைசியில்தான் இருந்தது.

ஆயினும் பிறகு சேர்த்திருக்கக்கூடும். வரிசையைத் திருப்பி உருப்பெருக்கியால் பார்த்தேன். பின்தகடு ஐந்து நாடாக்களுக்குச் சரியான நீளம். ஒரே நூல் முதல் நாடாவிலிருந்து கடைசி நாடா வரை அறுபடாமல் ஓடியது. நான்காம் நாடாவின் விளிம்பு ஐந்தாவதன்மேல் மடிந்திருந்தது. அந்தத் தையலைப் பிரிக்காமல் ஐந்தாவதை எவரும் நுழைத்திருக்க முடியாது.

மறுநாள் மகனின் மாமியாரிடமும் மருமகளிடமும் தையலைக் காட்டினேன். சிலுவை தொடக்கத்திலிருந்தே அங்குள்ளது, நான் சொன்னது பிழை, அவன் சொன்னதே சரி என்றேன். மாமியார் உருப்பெருக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப வெட்டாண்டாம்" என்றார். பிறகு, "அவன் இருக்கும்போதே இப்படிப் பாத்திருக்கலாம்லா, அண்ணாச்சி."

பார்த்திருக்கலாம் என்றேன். வரிசையை மருமகளிடம் கொடுத்தேன்.