இன்னொரு நோட்டீஸ் வந்தால் கடையைச் சாத்திவிடுவார்

அடுத்தவர் அனுப்பும் கட்டுரையை அவரேதான் எழுதினாரா என்று மோப்பம் பிடிப்பதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று கேட்பீர்கள்; அதைத்தான் நான் பார்த்தேன், சம்பளத்தோடு.

தொண்ணூறுகளின் கடைசி. போன் லைன் கீச்கீச்சென்று கத்தி முடித்த பிறகுதான் இன்டர்நெட் வரும். கோவை பீளமேட்டில் நூல் மில் வைத்திருந்த ஒருவர், ஊரெல்லாம் சிரித்தும் கேட்காமல், தமிழில் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று தொடங்கினார். யார் வேண்டுமானாலும் கட்டுரை அனுப்பலாம். காந்திபுரத்தில் ஒரு மாடியறை, ஒரு கம்ப்யூட்டர், டைப் அடிக்க ஒரு பெண், கட்டுரை பார்க்க நான். தொடங்கிய சூட்டோடு சென்னைப் பதிப்பகம் ஒன்றிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அவர்கள் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்ப, நாங்களும் அப்படியே ஏற்றியிருந்தோம். கட்டுரையை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் தப்பித்தோம். அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இன்னொரு நோட்டீஸ் வந்துச்சுன்னா கடையச் சாத்திப்போட்டு, அந்த ரூம்புல நூல் மூட்டை அடுக்கிருவனுங்க தம்பி.”

அந்த நேரம் பார்த்துத்தான் பல்லடத்திலிருந்து ருக்மணி அம்மா எழுத வந்தார். என்னைப் போல அடுத்தவர் எழுத்தோடு மாரடிக்கும் சக பாவிகளே, இனி கேளுங்கள்.

படம் பதினான்கு

ருக்மணி அம்மா வீட்டில் கோழிப்பண்ணை. முட்டைக் கணக்குப் பார்க்க வாங்கிய கம்ப்யூட்டரில் மத்தியானம் கணக்குப்பிள்ளை சாப்பிடப் போகும்போது இவர் உட்கார்ந்துவிடுவார். எழுதியதை ஃபிளாப்பியில் போட்டு, கோவை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். முதலில் வந்தது கோழி நோய்கள் பற்றிய கட்டுரை. படித்து மயங்கிப்போனேன். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. பல்லடத்தில் இப்படி ஒருவரா என்று டைப் அடிக்கும் பெண்ணிடம் வாய்விட்டுப் புகழ்ந்துகொண்டே வந்தவன், நடுவில் ஒரு வரியைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். ‘மேலே படம் 14-இல் காட்டியுள்ளபடி’ என்றிருந்தது. மேலே படமே இல்லை. படம் ஒன்றே இல்லாத கட்டுரையில் பதினான்கு எங்கிருந்து வரும்?

உடனே போன் செய்தேன். “ஏனுங்கம்மா, இந்தப் படம் பதினாலு எங்கீங்க?” என்றேன். கொஞ்சமும் பதறாமல் பதில் வந்தது:

“அது அந்தப் புஸ்தகத்துலயே நல்லா இருக்குதுங்க தம்பி, மறுக்கா நான் எதுக்குங்க வரையோணும்?”

மரியாதைப் பதிப்பு

புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் அது எழுதியவருக்குச் செய்கிற துரோகம், சட்டப்படியும் குற்றம், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று விளக்கினேன். “அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?” என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரமே திருத்திய கட்டுரை வந்தது. திறந்து பார்த்தேன். ‘வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய்ங்க. இது மிக விரைவாகப் பரவுமுங்க. நோயுற்ற கோழிகளை உடனே தனிமைப்படுத்த வேண்டுமுங்க.’ கடைசி வரி வரைக்கும் இப்படியே. அதே புத்தகம், அதே வரிசை, வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது மட்டும் ஏறியிருந்தால் நோட்டீஸ் அனுப்புகிற வக்கீல் கூட விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டேதான் அனுப்பியிருப்பார். இது எப்படிம்மா உங்கள் வார்த்தை ஆகும் என்று கேட்டதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“அந்தாளு மொட்டையா எழுதி வெச்சிருந்தாருங்க, மருவாதி பூராவும் நான் போட்டதுங்க!”

இருபத்தைந்தாம் நாள் பொரித்த குஞ்சு

மூன்றாவது முறை வந்த கட்டுரையில் வாக்கியங்கள் மாறியிருந்தன. அப்பாடா என்று பாதி தூரம் வந்தேன். ‘கோழி முட்டை இருபத்தைந்து நாளில் பொரிக்கும்’ என்றிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தேன். இருபத்தைந்துதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இருபத்தொன்று, கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கா தெரியாது? மேலும் பார்த்தால் தீவன அளவு, தடுப்பூசி போடும் நாள் எல்லாமே மாறியிருந்தது. இதை நம்பி ஒருவர் பண்ணை வைத்தால் என்ன கதி? போனில் கத்தியே விட்டேன்.

“இருபத்தொண்ணுன்னு அவரு எழுதிப்போட்டாருங்களே தம்பி, நானும் அதையே எழுதுனா காப்பின்னு நீங்கதான சண்டைக்கு வருவீங்க?”

சாம்பார்

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். தப்பு என்னுடையதோ என்று கூட ஒரு சந்தேகம் வந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னேன். பருப்பும் புளியும் எல்லோருக்கும் பொது, அம்மா. நீங்கள் வைத்த சாம்பார்தான் உங்களுடையது. இருபத்தொரு நாள் என்பது பருப்பு மாதிரி, யாருக்கும் சொந்தமில்லை. அதை ஒருவர் சொல்லியிருக்கும் விதம்தான் அவருக்குச் சொந்தம். நாலு இடத்தில் படியுங்கள், புத்தகத்தை மூடி வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல எழுதுங்கள், எங்கெங்கே படித்தீர்கள் என்பதைக் கடைசியில் போடுங்கள். ஒருவர் எழுதியது அப்படியே வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

மறுமுனையில் ருக்மணி அம்மா அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அவ்வளவுதானுங்களா, கேட்டா குடுத்துருவாங்களா?”

கடை சாத்தும் நாள்

அடுத்து வந்த கட்டுரை, வெயில் காலத்தில் கோழி சாகாமல் காப்பது பற்றியது. கைவசமிருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டேன், ஒரு வரி கூட எங்கும் இல்லை. நம்பவே முடியவில்லை. ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்த அன்று காலை தபால்காரர் ஒரு பதிவுத் தபாலைக் கொடுத்துவிட்டுப் போனார். நோட்டீஸ்! எந்தக் கட்டுரை என்று பார்த்தேன். எங்கள் களஞ்சியத்தின் முதல் பக்கம். முதலாளி பெயரில், முதலாளி போட்டோவோடு, கொங்குச் சீமையின் பெருமையைப் பற்றிய முன்னுரை. கோவையிலேயே ராமநாதபுரம் பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், பழைய விழா மலர் ஒன்றில் தான் எழுதியது அது என்று, மலரின் நகலையும் வைத்து அனுப்பியிருந்தார். புள்ளி, கமா மாறவில்லை.

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. “நல்லா இருந்துச்சேன்னு போட்டனுங்க” என்றார். கூடவே, சொன்ன சொல் சொன்னதுதான், கம்ப்யூட்டரைக் கட்டி வையுங்கள் என்றும் சொல்லிவிட்டார். டைப் அடிக்கும் பெண் அழுதேவிட்டாள். நான் ஒயர்களைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்தேன். தன் கட்டுரை ஏறுவதைப் பார்க்கப் பட்டுச்சேலையில் வந்து இறங்கிய ருக்மணி அம்மா, விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலாளியையே மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, போய்க் கேட்டா குடுத்துருவாங்கன்னு தம்பி எனக்குச் சொல்லித்தருது; உங்குளுக்குச் சொல்லலீங்களா?”

தட்டு

யாரிடமும் வெறுங்கையோடு போய்க் கேட்பது ருக்மணி அம்மாவுக்குப் பழக்கமில்லை. வழியில் தட்டு வாங்கி, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ எல்லாம் வைத்துவிட்டார். முதலாளி, அவர், நான் என்று மூன்று பேரும் பேராசிரியர் வீட்டு வாசலில் போய் நின்றோம். கதவைத் திறந்த பேராசிரியரின் மனைவி தட்டைப் பார்த்தார், பட்டுச்சேலையைப் பார்த்தார், முகமெல்லாம் மலர உட்காரச் சொன்னார். உள்ளே ஒரு பெண் அவசரமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது. பேராசிரியரின் மனைவி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். “பையன் என்ன வேலைங்க?” என்றார். எனக்கோ அப்போது கல்யாணம் ஆகவில்லை. திருட்டுக் கட்டுரை பிடிக்கிற வேலை என்று எப்படிச் சொல்வது? முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணி அம்மாதான் வாயைத் திறந்தார்.

“நாங்க பொண்ணு கேட்டு வரலீங்க அம்மணி, கட்டுரை கேட்டு வந்திருக்கறமுங்க.”

சம்மதம்

பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. முதலாளி எழுந்து நின்று, “தப்புப் பண்ணிப்போட்டனுங்க” என்றார். நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அப்படிக் கைகட்டி நின்றதைப் பார்த்து எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பேராசிரியர் மெதுவாகச் சொன்னார். அந்தக் கட்டுரைக்காக ஊர் ஊராக அலைந்தாராம். அதற்குப் பிறகு அது யார் யார் பெயரிலோ எத்தனையோ மலர்களில் வந்துவிட்டதாம். இத்தனை வருஷத்தில் ஒருவரும் இந்த வாசல்படி ஏறியதில்லையாம். சொல்லும்போது குரல் கம்மியது. ருக்மணி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பேராசிரியர் தாளெடுத்துச் சம்மதம் எழுதினார். ஒரே நிபந்தனை: முதலாளி பெயரும் போட்டோவும் போக வேண்டும், எழுதியவர் பெயர் வர வேண்டும். முதலாளி தலையாட்டினார். கடை பிழைத்தது. தாளை நீட்டும்போதுதான் பேராசிரியர் தட்டை ஒருமுறை பார்த்தார், உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

“இழுத்துட்டு ஓடுனதுக்கப்புறம் வந்து நிச்சயம் பண்றீங்க, போகட்டும், இனி நல்லா வெச்சுக்கங்க.”

ஆகவே சக பாவிகளே, பல்லடத்திலிருந்து வந்த ஒவ்வொரு வரியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த இந்தத் தொழிலில், சம்பளம் கொடுப்பவர் எழுதியதை மட்டும் கும்பிட்டு ஏற்றிவிடுவதுதான் வழக்கம்.