மாடுகள் மட்டும் இடம்பெயராத ஊர்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, பாதி மறந்தும் போகும், குறை நினைக்காதீர்கள்.

கொலோனுக்குப் போகும் வழியில், நிலக்கரி தோண்டும் பெரும் பள்ளத்தின் விளிம்பில் உள்ள ஒரு ஊரில் மகள் காரை நிறுத்துகிறாள். வீடுகளுக்கெல்லாம் பூட்டு, யன்னல்களுக்குப் பலகை. சனமில்லாத ஊரில் மாடுகள் மட்டும் கொழுகொழுவென்று மேய்கின்றன.

எங்கள் ஊரை இப்படி வெறுமையாக்கியது இராணுவம். தண்ணீர்த் தொட்டி கழுவும், என் வயதுள்ள ஒரு விவசாயியிடம் கேட்கச் சொல்கிறேன்: "எந்த ஆமி உங்களை எழுப்பினது?"

"ஐயோ அம்மா, இஞ்ச ஏது ஆமி? மானத்தை வாங்காதேங்கோ" என்றபடியே மகள் கேட்கிறாள். அவர் சிரித்துவிட்டுச் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்கிறாள்.

"கடிதம்தானாம் வந்தது. கம்பெனி எல்லாற்றை காணியையும் வாங்கிப் போட்டு, அங்கால புது ஊர் குடுத்ததாம். அங்க மாட்டுக் கொட்டில் போட ஏலாதாம். அதாலை மாடு மட்டும் இஞ்ச."

இப்போது கரி வேண்டாமாம். விரும்பினால் பழைய வீட்டைத் திரும்ப வாங்கலாம் என்று இன்னொரு கடிதம். இந்தக் கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மனைவியோ இனிப் பெட்டி கட்டவே மாட்டாவாம்.

"அப்ப திரும்பி வருவீங்களோ?" என்று கேட்டுவிடுகிறேன். இதையே ஜெர்மன்காரர் என்னிடம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீங்கள் உங்கட ஊருக்குத் திரும்பிப் போவீங்களோ எண்டு கேக்கிறார்" என்கிறாள் மகள்.

"எங்கட காணியிலை ஆமி மாடு வளர்க்குது எண்டு சொல்லு."

அவர் கழுவுவதை நிறுத்தித் தன் மாடுகளைத் திரும்பிப் பார்க்கிறார்.

"மாடுகளை நல்லாப் பாக்கினமோ எண்டு கேக்கிறார், அம்மா."

ஊரின் பெயர் எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பெயரைச் சரிபார்த்து, அவர் என்ன பதில் எழுதினார் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.