உள்ளி மணத்த பிளாட்டினம்

பழுகாமத்தில் ஏரம்பமூர்த்தி என்று கேட்டால் கைவிரிப்பார்கள். ‘பிளாட்டினம்’ என்று கேளுங்கள், என் வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கனடாவில் சட்பரிப் பக்கச் சுரங்கமொன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பை கழுவினவன் நான். அதை ஒளிக்கவில்லை. கல்லைப் பற்றி வாய் ஓயாததால் கோப்பையைப் பற்றிச் சொல்ல முறை வரவில்லை, அவ்வளவுதான்.

ஊர் திரும்பும்போது சுரங்கத்து நண்பன் அன்பளிப்பாகத் தந்த கல் அது. பயறளவு. பெயர் ஸ்பெரிலைட். பிளாட்டினமும் ஆர்சனிக் என்ற நஞ்சும் சேர்ந்தது. நிக்கல், செம்புத் தாதுக்களோடு அரிதாகக் கிடைப்பது. வெள்ளீயம் போல் மினுங்கும், கண்ணாடியைக் கீறும், அளவுக்கு மீறிப் பாரமாயிருக்கும், உரசினால் கறுப்புக் கோடு விழும். இதையெல்லாம் செத்தவீட்டில்கூட விளக்கியிருக்கிறேன்.

அந்தக் கறுப்புக் கோடுதான் என் மானத்தை வாங்கியது. தட்டார் அழகரத்தினம் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, “மச்சான், இது கரிக்கட்டை” என்றார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். என் மனைவி கண்ணகையும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சுட்டால் நஞ்சு புகையாகப் போகும், பிளாட்டினம் மிஞ்சும். அவள் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போன நேரம், தட்டாரின் ஊதுகுழலை இரவல் வாங்கி, வளவில் மூக்கைக் கட்டிக்கொண்டு, கல்லைக் கரிமேல் வைத்து ஊதினேன். மூக்கில் கட்டிய துணியையும் மீறி உள்ளி மணம், அதுதான் வெள்ளைப்பூண்டு மணம், வந்தது. ஆர்சனிக் புகைந்தால் அப்படித்தான் மணக்கும். அசல் கல்தான் என்று துள்ளிக் குதித்தேன்.

சடங்கு நாட்களில் எங்கள் வீட்டில் மீன், நண்டு என்று எந்த மச்சமும் ஏறாது, உள்ளித் தாளிப்பும் கிடையாது. என் பெரிய மூளைக்கு அது எட்டவில்லை.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சீனிப்பிள்ளை மூக்கை உறிஞ்சினாள். “என்னண்ணன், உள்ளி மணக்குது? நண்டுக்கறியோ?”

கண்ணகை படலையைத் திறக்குமுன்னே செய்தி அவளிடம் போய்விட்டது. வந்தவள் அடுப்படிச் சட்டிகளையெல்லாம் திறந்து பார்த்தாள்.

“நண்டு எங்க?”

“நண்டில்ல புள்ள, பிளாட்டினம். இந்தா பாரு.” உள்ளங்கையில் மிஞ்சியிருந்த சாம்பல் நிறப் பொருக்கை நீட்டினேன். என் ஆயுளில் நான் காட்டிய ஒரே அசல் பிளாட்டினம் அதுதான்.

அவள் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “திண்டத ஒத்துக்கிட்டா அம்மன்ட்ட மன்னிப்புக் கேட்டிருப்பன். இதுக்குள்ளயும் புளுகுறீங்களே!”

கையை மூடிக்கொண்டேன்.

“ஓம் புள்ள, நண்டுதான்.”

“அப்பிடிச் சொல்லுங்க” என்று அவள் முகம் தெளிந்தது. கலியாணம் கட்டிய நாள் முதல் நான் சொல்லி அவள் உடனே நம்பிய பேச்சு அது ஒன்றுதான்.