பெயரில் இருந்த சாய்கோடு

நிரல் எழுதித்தான் பிழைக்கிறேன், ஆனாலும் கணினியை நான் நம்பியதில்லை. குரலுக்கு விளக்கெரியும் கருவியை மகள் வாங்கி வந்தபோது, அதன் மைக் எங்கே என்று தேடி டேப் ஒட்டியவள் நான்.

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கிளினிக். அவர்களுக்கு மருந்து லேபிள் அடிக்கும் நிரலைப் பல வருடங்களுக்கு முன் ஜாவாவில் எழுதிக் கொடுத்திருந்தேன். சுபாங் ஜெயாவில் உள்ள எங்கள் அலுவலகத்தின் மேலாளர், என்னைவிட இளையவள், ஒரே மதியத்தில் அதை ஏஐயிடம் கொடுத்துப் பைத்தானுக்கு மாற்றிவிட்டாள். இனிமேல் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அடையாள அட்டையைச் செருகினால் போதும்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் லா, அக்கா. இன்னும் என்ன சந்தேகம்?"

"அதான் சந்தேகம். என் கோட் ஒரு நாளும் முதல் தடவையே பாஸ் ஆனதில்ல."

மூன்று நாள் வரி வரியாகப் படித்தேன். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. என் எழுத்தைவிடச் சுத்தமாக வேறு இருந்தது. எரிச்சல்தான் மிஞ்சியது.

புதிய நிரல் ஓடத் தொடங்கிய காலையில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், நோயாளி மாதிரி உட்கார்ந்துகொண்டேன். மருந்துக் கவுண்டரில் இருந்த தாதி ஒரு பெயரைக் கூப்பிட்டாள். இரண்டு பெண்கள் எழுந்தார்கள். முன்னால் இருந்தவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"மிஸ்ஸி, என் பேரத்தானே கூப்டீங்க?" என்று தாதியிடம் கேட்டார் மற்றவர்.

நான் ஓடிப்போய், "ஆன்டி, அந்தப் பேக்கெட்டக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

"நீ யாரும்மா?" என்று அவர் அதை இறுக்கிப் பிடித்தார்.

தாதி வந்து எட்டிப் பார்த்தாள். முழங்கால் வலிக்கு வந்தவர் கையில் சர்க்கரை நோய் மாத்திரை. லேபிளில் தந்தை பெயரே இல்லை. நம் அட்டைகளில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே மகள் என்பதற்கு மலாயில் 'ஏ/பி' என்று ஒரு சாய்கோட்டோடு வருமே, அங்கேயே பெயர் முடிந்துவிட்டதாகப் புதிய நிரல் நினைத்து மீதியை வெட்டியிருந்தது.

மேலாளரை போனில் அழைத்தேன். அவள் சரிசெய்யும்வரை தாதி தந்தை பெயர்களைப் பேனாவால் எழுதினாள். நான் வென்றுவிட்ட தோரணையில் தாதியிடம் கேட்டேன்:

"பழைய சிஸ்டத்துல இந்தப் பிரச்சின வந்ததே இல்லல்ல?"

"அதுல ஸ்லாஷ் போட்டாலே எரர் வரும், அக்கா. நாங்களே அத எடுத்துட்டு அப்பா பேரச் சேத்து டைப் பண்ணிடுவோம். பழகிப்போச்சு."

என் முகம் சூடாகிவிட்டது. இத்தனை வருடமும் என் நிரலின் பெயரைக் காப்பாற்றியது இவள் விரல்கள்தான். ஒரு முறைகூட நான் வந்து கேட்டதில்லை.

அலுவலகம் திரும்பியதும் மறைக்காமல் சொன்னேன். மேலாளர் சிரிக்கவில்லை. "அப்போ ரெண்டு பேரும் போயி அங்க உக்காருவோமா, அக்கா?" என்றாள்.

ஏஐ மேல் எனக்கிருந்த சந்தேகம் குறையவில்லை, என் மேலும் கொஞ்சம் வந்துவிட்டது. அடுத்த வாரம் இருவரும் கவுண்டருக்குப் பின்னால் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். இன்னும் நான்கு இடங்களில் அந்தத் தாதி எங்கள் நிரலை ஏமாற்றித்தான் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.