வெல்டிங் வைத்த சீட்

என் அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. ஒரே வீட்டின் முன்பகுதியில் அவர்கள், பின்பகுதியில் நாங்கள். தண்ணீர்க் குழாய் பொது என்பதால் தினமும் அந்த முகத்தில் விழித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அக்கா நெட்டை. அவர் குட்டை. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் கல்யாண ஃபோட்டோவில் அவளை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் பக்கத்தில் நின்றுகொண்டவர் அவர். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்காவுக்குப் பேக்கரியில் வேலை. விடிவதற்குள் ரொட்டிப் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வருவாள். அவள் திரும்பியதும் அதே சைக்கிளில் அவர் கிடங்குக்குப் போவார். அங்கே வாசலில் காவல் வேலை. சைக்கிள் அக்காவின் சம்பளத்தில் வாங்கியது. இதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் நான் அடிக்கடி சொல்வேன்.

காலையில் அக்கா ஸ்பானரால் சீட்டை உயர்த்திக்கொள்வாள். திரும்பி வந்ததும் அவருக்காக இறக்கி வைப்பாள். அவர் ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை. ஒருநாள் இறக்க மறந்துவிட்டாள். பெடலுக்குக் கால் எட்டாமல் தத்தளித்துப் போய் அவர் கிடங்கு வாசலில் இறங்க, லாரி டிரைவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

"என்ன அண்ணே, வீட்டம்மா வண்டியா?"

அவ்வளவுதான், மானம் கப்பலேறிவிட்டது. அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனவர், சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, இனி யாரும் அசைக்க முடியாதபடி வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அக்கா ஓட்டுவதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும், முதுகு கூனிப்போகும். கொஞ்ச நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். குழாயடியில் ஒரு வாளியைத் தூக்க முடியாமல் அழுதாள். மருந்தெல்லாம் அப்புறம், முதலில் சீட்டை உயர்த்துங்கள் என்றார் டாக்டர். பேக்கரி முதலாளி தன் பங்குக்கு, "ரொட்டி லேட்டா போகுதும்மா. முடியலைன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வேலை போனால் அக்கா எல்லாவற்றுக்கும் இவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் குழாயடியில் அவரிடம் கேட்டாள். நானும் வாளியோடு அங்கேயே நின்றேன், வேண்டுமென்றேதான்.

"சீட்டை ஏத்தணுங்க. இடுப்பு தாங்கல."

"நானும் அதே சீட்லதான போறேன்? எனக்கு வலிக்கலையே."

"உங்க காலுக்கு அது சிம்மாசனம், எப்படி வலிக்கும்?" என்றேன் நான்.

"புருஷன் பொண்டாட்டி பேச்சுல நீ தலையிடாத" என்றவர், அக்காவிடம் திரும்பினார். "வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்கு உடம்பு வணங்கல, அதான்."

அக்கா மறுநாள் ரொட்டி போட்டு முடித்ததும் நேராக அதே பட்டறைக்குப் போனாள். பழைய வெல்டிங்கை அறுத்து, நீளமான கம்பி போட்டு, தன் உயரத்துக்குப் பற்றவைக்கச் சொன்னாள்.

"அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று பட்டறைக்காரர் இழுத்தார்.

"கோவிச்சுக்கட்டும். நல்லா கெட்டியா வைங்க."

வீட்டு வாசலில் சைக்கிளைப் பார்த்ததும் அவர் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. பஸ்ஸில் போயிருக்கலாம். தள்ளிக்கொண்டாவது போயிருக்கலாம். ஆனால் வீம்பு விடுமா? எக்கி ஏறி, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரித்துக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனார். பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை.

வாரக் கடைசியில் படுத்துவிட்டார். விடியற்காலை அக்கா சைக்கிளை வெளியே எடுக்கும்போது உள்ளேயிருந்து முனகல் வந்தது.

"இடுப்பு உயிர் போகுது. கட்டின பொண்டாட்டி, எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அக்கா நின்றாள். மனம் இளகி உள்ளே போய்விடுவாளோ என்று குழாயடியில் நின்ற எனக்குப் பகீரென்றது.

"எதுக்குக் கேக்கணும்?" என்றாள். "எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

ஏறி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு பேக்கரிக்குப் போனாள்.