இன்னும் கிடைக்காத பாகங்கள்

பழைய வீடியோ கசட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற வேலையில், அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை முழுசாக இருந்து பார்க்க வேண்டும். சாப்பாடு மட்டும் கிடைக்காது. கைப்பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எத்தனையோ பேரைப் போலத்தான் நானும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அதனால் கல்முனைக் கடையின் பின்னறை எனக்குத் தோதாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சுனாமியில் உம்மா மௌத்தானபோது எனக்கு மூன்று வயது. வீட்டோடு படங்களும் போய்விட்டன. யாருடைய கசட்டிலாவது உம்மா நிற்கமாட்டாவா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். முகம் ஞாபகமில்லை. கண்டால் தெரியும் என்று ஒரு நினைப்பு.

பாலத்தில் தொங்குகிறவள்

சாய்ந்தமருதுத் தையல்காரர் ஒருவர் வருவார், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். ஊமைப் படம் என்றால் உயிர். நூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்கத் தொடர்ப்படம் ஒன்று, கிழமைக்கு ஒரு பாகமாகத் தியேட்டரில் ஓடியதாம். இப்போது மிச்சம் ஒரே ஒரு பாகம். மற்றச் சுருளெல்லாம் எரிந்தும் உக்கியும் போயிற்றாம். அந்த ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்தேன். கடைசியில் கதாநாயகி பாலத்தில் தொங்குகிறாள், ரயில் வருகிறது. அதோடு சரி.

பிறகு கிழமைக்கொருக்கா வந்து மற்றப் பாகம் வந்ததா என்று கேட்பார். ஒரு நாள் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை காக்கா என்றேன். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டபடி சொன்னார்:

"இல்லெண்டு சொல்லாதீங்க தங்கச்சி. இன்னங் கிடைக்கல்ல எண்டு சொல்லுங்க."

சத்தமில்லாத மாப்பிள்ளை

மருதமுனை ராத்தா, அக்கா முறையில் ஒருவர், தன் கல்யாணக் கசட்டைக் கொண்டுவந்தார். கூரை ஒழுகி நனைந்தது. படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஏசுவாரோ என்று பயந்து பயந்து சொன்னேன். ராத்தா திரையையே பார்த்தார். மாப்பிள்ளை கூட்டாளிமாரோடு வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார், ஒரு சத்தமும் இல்லாமல்.

"வீட்டில இப்படி ஒரு நாள் கிடைக்காதா எண்டு இருவது வருஷமா ஏங்குறன் புள்ள."

மஞ்சள் சாரி

அதே கசட்டில் பெண்கள் பக்கம் வந்தது. கெமரா வெளிச்சம் பட்டதும், நம் ஆட்கள் செய்வது போலவே, எல்லாரும் முந்தானையால் முகத்தை மூடினார்கள். அன்றைக்கு எப்படியோ வாய் திறந்து, உம்மாவின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று ராத்தாவிடம் கேட்டேன். தெரியாமல் என்ன, கல்யாணத்துக்கு வந்தவதானே என்றார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்ற மஞ்சள் சாரியைக் காட்டினார். இடுப்பில் இருக்கிற பிள்ளை நான்தானாம்.

திருப்பித் திருப்பி ஓட்டினேன். ஒரு கை, நாலைந்து வளையல், சிரிப்பில் குலுங்குகிற தோள். திரும்புவா என்று பார்த்தால், படம் ஆட்கள் கூடியிருந்து சாப்பிடுகிற பிரியாணிச் சஹன் தட்டுக்குப் போய்விட்டது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். ராத்தா என் முதுகைத் தடவினார்.

"உங்கட உம்மா இப்படித்தான் நிப்பா. முகத்தக் காட்டவே மாட்டா."

அலுமாரி

அடுத்த கிழமை தையல்கார காக்கா வந்தபோது, நானாகவே சொன்னேன்: எனக்கு ஒரு பாகம் கிடைத்தது, முகம்தான் இல்லை என்று. அவர் தன் பாகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பினார்.

"அதோட விட்டுராதீங்க. ஊருல எத்தின அலுமாரி இன்னந் திறக்காமக் கிடக்கு."

அலுமாரிகள் திறக்கிற வரைக்கும் என்னால் ஆனது, மாமி படமெடுக்கப் போனைத் தூக்கும்போது முக்காட்டுக்குப் போகிற கையை அடக்கி, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் பயந்தாலும் பரவாயில்லை என்று பல் தெரியச் சிரிக்கிறதுதான்.